ஸ்கோலியோசிஸ்: பயிற்சி மட்டுமா, இரவு பிரேஸா, முழுநேர பிரேஸா? டர்பனில் நாங்கள் முடிவெடுத்த விதம்

எங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் முதுகுத்தண்டு வளைவு இருப்பது தெரியவந்தது. எக்ஸ்ரேயில் வளைவின் அளவைச் சொல்லும் காப் கோணம் 31 டிகிரி. எலும்பு முதிர்ச்சியைக் காட்டும் ரிஸ்ஸர் அளவு 1. வளைவு நடுத்தரம்தான், ஆனால் அவள் வளர இன்னும் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன: ஷ்ரோத் என்ற, முதுகு வளைவுக்கான பயிற்சி மட்டும், இரவில் மட்டும் போடும் பிரேஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் கெட்டியான தாங்கி), டர்பனிலேயே செய்த முழுநேர பிரேஸும் கூடவே பயிற்சியும், இல்லையென்றால் இந்தியாவுக்குப் போய் பிரேஸ் செய்துகொண்டு வருவது. மூன்றாவதைத் தேர்ந்தோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான். டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் தெரிந்த குடும்பங்கள் இதையே கேட்கிறார்கள் என்பதால் காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

அடிப்படை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 10 டிகிரிக்கு மேல் போனால்தான் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளரிளம் பருவத்தில் வருவதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரியாது. பள்ளிப் பை கனமாக இருந்ததாலோ, பிள்ளை கோணலாக உட்கார்ந்ததாலோ இது வருவதில்லை. ஆயா என்ன சொன்னாலும் சரி, பிள்ளையைத் திட்ட வேண்டாம். வளர்ச்சி பாக்கி இருக்கும் பிள்ளைக்கு 25 முதல் 40 டிகிரி வரை என்றால் பிரேஸ் பேச்சு வரும். 45, 50 டிகிரியைத் தாண்டினால் அறுவை சிகிச்சைப் பேச்சு. அளவெடுப்பதிலேயே 5 டிகிரி முன்பின் ஆகலாம். அதனால் ஒரு எக்ஸ்ரேயில் மூன்று டிகிரி கூடியது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயிற்சி மட்டும் போதுமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. ஷ்ரோத் முறையை உருவாக்கிய கத்தரினா ஷ்ரோத் 1894இல் ஜெர்மனியில் பிறந்தவர். அவருக்கே முதுகு வளைவு இருந்தது. இளம் வயதில் இரும்பு பிரேஸ் போட்டுச் சலித்தவர், கண்ணாடி முன் நின்று, உள்வாங்கிய பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி உடம்பைத் திருத்தப் பழகினார். அதுவே பின்னாளில் ஒரு சிகிச்சை முறையானது. மகளின் பயிற்சியைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை. சும்மா முதுகை நிமிர்த்தும் வேலை இல்லை இது. அவளுடைய வளைவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கென்றே அமைந்த நிலைகள், அதற்கென்றே மூச்சு. ஆனால் 31 டிகிரி, ரிஸ்ஸர் 1 என்ற நிலையில் பயிற்சியை மட்டும் நம்ப எங்களுக்கு மனம் வரவில்லை. பயிற்சிக்கு ஆதரவான ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவை சிறியவை, பலவற்றில் பிரேஸும் கூடவே இருந்தது. 15, 18 டிகிரியில் கண்டுபிடித்திருந்தால் பயிற்சியோடு நிறுத்திக் காத்திருப்போம்.

இரவு பிரேஸைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. பிராவிடன்ஸ், சார்ல்ஸ்டன் என்று இரண்டு வகை பெயர் பெற்றவை. படுத்திருக்கும்போது மட்டும் போடுவதால் வளைவை எதிர்ப்பக்கமாக நன்றாகவே தள்ளிப் பிடிக்கும். பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டாம், வெயில் தொல்லையும் இல்லை. கீழ் முதுகில் ஒற்றை வளைவு, அளவும் அதிகமில்லை என்றால் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். எங்கள் மகளுக்கு வளைவு மார்புப் பகுதியில் இருந்ததால் எங்கள் மருத்துவர் இதைப் பரிந்துரைக்கவில்லை.

முழுநேர பிரேஸ் பக்கம் எங்களைத் திருப்பியது, பிரேஸால் பலன் உண்டா என்று பார்த்து 2013இல் வெளிவந்த பிரெய்ஸ்ட் ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் வளர்ச்சி முடியும்வரை 50 டிகிரியைத் தொடவில்லை. போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 சதவீதம். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் உண்டு. பிரேஸுக்குள் வெப்பநிலையைப் பதியும் சிறு கருவி வைத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று அளந்தார்கள். தினமும் சராசரியாகச் சுமார் 13 மணி நேரமும் அதற்கு மேலும் போட்டவர்களிடம் வெற்றி 90 சதவீதத்தைத் தாண்டியது. ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகப் போட்டவர்களின் நிலை, போடாதவர்களின் நிலையைவிட மேலாக இல்லை.

ஆக, விஷயம் பிரேஸின் பெயரில் இல்லை. எந்த வகை பிரேஸ் நல்லது, பாஸ்டனா, ஷெனோவா, ரிகோவின் ஷெனோவா என்று இணையத்தில் நாள் கணக்கில் வாதம் நடக்கும். பிள்ளை எத்தனை மணி நேரம் போடுகிறாள் என்பதே கணக்கு. போடுவாளா என்பது அது உடம்பில் சரியாக உட்கார்கிறதா என்பதைப் பொறுத்தது. எல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்: பிரேஸைத் திருத்துகிற ஆள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்?

பிரேஸை ஒருமுறை செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது. போட்ட புதிதில் இடுப்பெலும்பில் அழுத்தும், அக்குளில் உரசும். பிரேஸ் செய்து தரும் ஆர்த்தோடிஸ்ட் அந்த இடத்தைச் சூடாக்கி விரிக்க வேண்டும், ஓரத்தைத் தேய்க்க வேண்டும். பிறகு பிரேஸோடு ஒரு எக்ஸ்ரே எடுத்து, அதற்குள் வளைவு பாதி அளவுக்காவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் உள்ளே இன்னொரு திண்டு. அப்புறம் பிள்ளை உயரமாகிறாள், மார்பு வளர்கிறது, எடை கூடுகிறது. ஒரு பள்ளி விடுமுறை முடிவதற்குள் பட்டை இழுத்துக் கட்ட வேண்டிய குறி மாறிவிடுகிறது. வேகமாக வளரும் பிள்ளைக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் புது பிரேஸே தேவைப்படலாம்.

இந்தியாவில் செய்துகொண்டு வரலாம் என்ற யோசனையை நான் ஒதுக்கியதற்குக் காரணம் இதுவே. சென்னையிலும் வேலூரிலும் நல்ல கைகள் இருக்கின்றன, உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், செலவும் குறையலாம். ஆனால் அங்கே செய்த பிரேஸ் இங்கே வந்து மூன்றாம் வாரம் விலாவில் கன்றிப்போக வைத்தால் யாரிடம் போவது? இன்னொருவர் செய்த பிரேஸைத் தொட இங்குள்ள ஆர்த்தோடிஸ்ட் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு, ஏனென்றால் எந்தத் திண்டு எதற்காக வைக்கப்பட்டது என்பது செய்தவருக்குத்தான் தெரியும். இடையில் பிள்ளை கழற்றி வைத்துவிடுவாள். வலிக்கிற பிரேஸைப் போடச் சொல்லிப் பிள்ளையோடு சண்டை போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கார் ஓட்டிப் போகும் தூரத்தில் ஆர்த்தோடிஸ்ட் இருந்ததால், வலி என்று அவள் சொன்ன அதே வாரத்தில் திருத்த முடிந்தது. நான்கு வழிகளில் இதை நாங்கள் எடுத்ததற்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, தெரிந்தவராக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிரேஸ் செய்பவரும் பிசியோதெரபிஸ்டும் ஹெச்பிசிஎஸ்ஏ என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதன் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடலாம். பிசியோதெரபி இங்கே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலேயே நான்காண்டுப் படிப்பு. பிரேஸ், செயற்கைக் கால் போன்றவற்றுக்கான படிப்பு பிரிட்டோரியாவின் ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆனால் இந்தப் படிப்புகளில் ஸ்கோலியோசிஸ் ஒரு சிறு பகுதிதான். ஷ்ரோத் சான்றிதழ் அதற்கு மேல் தனியாக வாங்குவது. ஜெர்மன் மரபில் வந்த பள்ளி ஒன்று, மனுவேல் ரிகோவின் பார்சிலோனா பள்ளி இன்னொன்று. அடிப்படைப் பயிற்சியே ஒரு வாரம், பத்து நாள் அளவில்தான். எனவே சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்ததும் திருப்தி அடையாதீர்கள். ‘வளர்கிற வயதுப் பிள்ளைகள் இப்போது எத்தனை பேர் உங்களிடம் வருகிறார்கள்? பிரேஸ் செய்பவரோடு நீங்கள் பேசுவது உண்டா?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்துத்தான் எங்கள் பிசியோவைத் தேர்ந்தோம். பிரேஸ் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதே பக்கம் பயிற்சியும் தள்ள வேண்டும். இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் அது நடக்காது.

ஊரில் ஷ்ரோத் தெரிந்தவர் கிடைக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மிலானில் உருவான சீஸ் என்ற முறையில், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநரைப் பார்த்தால் போதும், மற்றதை வீட்டிலேயே செய்யலாம். லேடிஸ்மித், நியூகாசில் மாதிரி டர்பனைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது ஒத்துவரும் என்று தோன்றுகிறது. நாங்கள் செய்து பார்த்ததில்லை.

டர்பன் வெயிலைப் பற்றிக் கேட்பீர்கள். கஷ்டம்தான். தைப்பூசக் காவடி சமயத்தில் இங்கே எப்படிப் புழுங்கும் என்று உங்களுக்குத் தெரியும். தையல் மடிப்பு இல்லாத பருத்தி பனியன் உள்ளே, வியர்த்தால் உடனே மாற்றிவிட வேண்டும். பிரேஸ் படும் தோலில் கிரீமோ பவுடரோ போடக் கூடாது. கழற்றியதும் தெரிகிற சிவப்பு அரைமணி நேரத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால் ஆர்த்தோடிஸ்டைக் கூப்பிடுங்கள். நடன வகுப்புக்கும் குளிக்கவும் கழற்ற அனுமதி வாங்கிவிட்டோம். அந்த நேரம் தனக்குரியது என்று அவளுக்குத் தெரிந்த பிறகு மீதி நேரத்தில் முகம் சுளிப்பது குறைந்தது.

இறுதி விளைவு எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, அவள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறாள். இதுவரை வளைவு கூடவில்லை. பையன்களுக்கு வளர்ச்சி தாமதமாக முடிவதால் பிரேஸ் காலமும் நீளும்; அது பற்றிப் பையனை வளர்க்கிற பெற்றோர் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

பணம் கட்டும் முன் மெடிக்கல் எய்டிடம் (மருத்துவச் செலவுக் காப்புத் திட்டம்) ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரேஸ் பெரும்பாலும் உபகரணங்களுக்கான ஆண்டு வரம்புக்குள் வரும். முன் அனுமதி எழுத்தில் வாங்கும்போதே, வளர்ச்சியால் இரண்டாவது பிரேஸ் தேவைப்பட்டால் அதே வரம்பா, தனியா என்று கேளுங்கள். ஆர்த்தோடிஸ்டிடமும் திருத்தும் வேலை முதல் விலைக்குள் அடக்கமா, ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விலை குறைவாகத் தெரிகிற பிரேஸில் திருத்தத்துக்குத் தனிக் காசு என்றால், பிள்ளை வலி என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் வீட்டில் யோசிக்க வேண்டியிருக்கும்.