பிளாஸ்டிக் பைக்கு விலையா, தடையா?

பிளாஸ்டிக் பையை ஒழிக்க இரண்டு வழிகள் நாடு விட்டு நாடு பரவின. 2002-ல் அயர்லாந்து வரியையும் வங்கதேசம் தடையையும் கையில் எடுத்தன.

அயர்லாந்து பைக்கு 15 சென்ட் வரி போட்டது. ஆளுக்கு ஆண்டுக்கு 328 பை என்றிருந்தது 21 ஆகச் சரிந்தது. கல்லாவில் "பை வேணுமா?" என்று கேட்டதுமே பலரும் வீட்டிலிருந்து பை எடுத்துவரத் தொடங்கினார்கள். அடுத்து வேல்ஸ் 2011-ல், ஸ்காட்லாந்து 2014-ல், இங்கிலாந்து 2015-ல் கட்டணம் கொண்டுவந்தன. இங்கிலாந்து மட்டும் சின்னக் கடைகளுக்கு முதலில் விலக்கு கொடுத்தது. அது தேவையற்ற தயக்கம் என்பேன்.

வங்கதேசத்தின் கதை வேறு. 1988, 1998 வெள்ளங்களில் டாக்காவின் வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டன. அதனால் நேரடித் தடை. ஆனால் கண்காணிப்பு தளர்ந்ததும் சந்தைக்குப் பை திரும்பிவிட்டது. அதே தடையை ருவாண்டா 2008-ல் இறுக்கிப் பிடித்தது: கிகாலி விமான நிலையத்திலேயே பயணிகளிடமிருந்து பைகளை வாங்கிவைத்தார்கள். கென்யா 2017-ல் நான்கு ஆண்டு வரை சிறை என்றது. எல்லை தாண்டிக் கடத்தலும் வந்தது.

கடைகளில் ஒழுங்காக ரசீது போடும் நாட்டுக்கு வரி போதும். தள்ளுவண்டிச் சந்தைகளில் வரியை யார் வசூலிப்பது? அங்கே தடைதான் சரி. கூடவே மலிவான துணிப்பையும் சந்தையில் கிடைக்க வேண்டும்.