அமுக்கரா முதல் லாவெண்டர் வரை: மூன்று வருஷ அனுபவம்

பதற்றமும் மனச்சோர்வும் தூக்கமில்லாத இரவுகளும் மாதக்கணக்கில் நீண்ட பிறகுதான் மூலிகைப் பக்கம் போனேன். மாத்திரை என்றால் பயம். மூலிகை என்றால் பக்கவிளைவே இருக்காது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அமுக்கரா. டப்பாக்களில் அசுவகந்தா என்று போட்டிருப்பதும் இதுதான். சூரணமாகத்தான் தொடங்கினேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குதிரை வாடை என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், யாரைக் குறை சொல்ல? வேரிலிருந்து எடுத்த சத்து அடைத்த கேப்ஸ்யூலுக்கு மாறினேன். 300 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பல ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்ததும் இந்த அளவுதான். வாங்கும்போது அமுக்கராவில் வேலை செய்யும் முக்கியச் சத்தான வித்தனோலைடு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது போடாத டப்பாவை நான் தொடுவதில்லை.

இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாவது வாரம் வாக்கில், போன் அடித்தால் நெஞ்சு திக்கென்பது நின்றிருந்ததைக் கவனித்தேன். படுத்த அரை மணி நேரத்தில் தூக்கம். கொண்டாடிவிட்டேன்.

நாலாவது மாதம்தான் வேறொன்று தெரிந்தது. நெருங்கிய நண்பர் ஒரு பெரிய நல்ல செய்தி சொல்கிறார், நான் "அப்படியா, சரி" என்கிறேன். பதற்றம் இல்லைதான், கூடவே எதிலும் ஒட்டுதலும் இல்லை. குணமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, மரத்துப் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நிறுத்தினேன், மூன்று வாரத்தில் சரியானது. காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாவது முறை எடுத்தபோதும் அதே நாலாவது மாதம், அதே கதை. இப்போதெல்லாம் எட்டு வாரம் எடுத்தால் எட்டு வாரம் இடைவெளி. ஆய்வுகளும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் போனதில்லை. அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும், தைராய்டு சுரப்பைக் கூட்டும் என்பதால் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்கு இருப்பதில் அதிகம் ஆராயப்பட்ட மூலிகை இது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2008 தொகுப்பாய்வு 29 சோதனைகளை அலசி, வெற்று மாத்திரையைவிட இது மேல் என்றது. ஐந்து மாதம் எடுத்தேன். வெயிலில் தோல் எரிந்ததுதான் மிச்சம். காலையில் எழவே மனமில்லாத நிலை அப்படியே இருந்தது. கடைசியில் மருத்துவரிடம் போனேன்.

"வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?"

"இல்லை."

பொய் சொல்லவில்லை, மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதி முடிக்கும் நேரத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரண்டையும் சேர்த்து எடுத்தால் செரோட்டோனின் என்ற மூளை ரசாயனம் அளவுக்கு மீறி ஏறி உயிருக்கே ஆபத்தாகலாமாம். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றின் வீரியத்தையும் இந்த மூலிகை குறைத்துவிடும். கல்லீரல் அவற்றை வேகமாகச் சிதைத்து வெளியேற்ற வைப்பதுதான் காரணம். இரண்டு வாரம் இடைவெளி விட்ட பிறகே மாத்திரையை ஆரம்பித்தோம். என் மனச்சோர்வைத் தூக்கி நிறுத்தியது அந்த மாத்திரையும் கூடவே போன கவுன்சலிங்கும்தான். மூலிகை இல்லை.

மற்றவை சுருக்கமாக. வலேரியன்: அழுக்குக் காலுறை நாற்றம், தூக்கத்தில் பெரிய மாற்றமில்லை. நீர்பிரம்மி: வயிற்றைக் கலக்கியது. (பிரம்மி என்று வல்லாரையையும் விற்கிறார்கள், தாவரப் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.) கெமோமில்: சூடாக எதையாவது குடித்த சுகம், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. காவா பக்கம் போகவேயில்லை, கல்லீரல் பயம்.

லாவெண்டர் எண்ணெய் கேப்ஸ்யூல், 80 மில்லிகிராம், தினம் ஒன்று: எதிர்பார்க்காமல் பிடித்துப்போனது இதுதான். பகலில் தூக்கக் கலக்கம் இல்லை, படபடப்பு மட்டும் கொஞ்சம் தணிகிறது. ஏப்பம்தான் சோப்பு வாசம் அடிக்கும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு இதை இன்னும் வைத்திருக்கிறேன். அமுக்கரா டப்பாவின் மூடியில் தொடங்கும் தேதியும் நிறுத்தும் தேதியும் எழுதியிருக்கிறது. இந்தச் சுற்று முடிய இன்னும் பதினொரு நாள்.