தட்டை அளப்பதா, அட்டவணையைப் பார்ப்பதா?

அன்றாட உணவிலிருந்து துத்தநாகம், செலினியம் போன்ற நுண்தனிமங்கள் எவ்வளவு கிடைக்கின்றன என்பதை அறிய இரு வழிகள் உண்டு. முதலாவது, முந்தைய 24 மணி நேரத்தில் உண்டவற்றைக் கேட்டெழுதி, உணவுச் சத்து அட்டவணையின் துணையுடன் கணக்கிடுவது. மலிவானது, ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தலாம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகள் உள்ளன. ஆனால் அட்டவணை தருவது சராசரி மட்டுமே. பஞ்சாபின் செலினியம் மிகுந்த சில நிலங்களில் விளையும் கோதுமைக்கும் பிற இடத்துக் கோதுமைக்கும் செலினிய அளவில் பன்மடங்கு வேறுபாடு இருக்க, இரண்டும் அங்கே ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. இரும்புச் சட்டியில் வதக்கியதால் கூடிய இரும்பையும் அது காட்டாது.

இரண்டாவது, உண்பவர் தட்டில் இடும் அளவையே இன்னொரு பாத்திரத்திலும் இட்டு, அதை அரைத்து, அமிலத்தில் கரைத்து, நிறமாலைக் கருவியால் அளப்பது. சமைத்த நீர், பாத்திரம், மண் எல்லாவற்றின் விளைவும் இதில் அடங்கும். அரைக்கும் எஃகுக் கத்தியே குரோமியத்தையும் நிக்கலையும் மாதிரியில் சேர்த்துவிடும் என்பதால் டைட்டானியக் கத்தி தேவைப்படுகிறது. மிக்சி வாங்கும்போது நாம் எண்ணிப் பார்க்காத சிக்கல் இது. செலவும் அதிகம், இரட்டிப்பாக எடுத்துவைக்கும் சுமையால் மக்கள் அந்நாட்களில் குறைத்து உண்பதும் உண்டு.

துத்தநாகத்துக்கு அட்டவணை ஓரளவு போதும். செலினியத்துக்கு இரண்டாவது முறையையே நான் நம்புவேன். உப்பின் வழி வரும் அயோடினுக்கோ இவ்விரண்டையும் விடச் சிறுநீர்ச் சோதனையே எளிது.