மூன்று நாள்தான் இருக்கிறது: லிஸ்பனா, போர்ட்டோவா?

போர்ச்சுகல் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒரு வாரம் இருந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். மூன்றே நாள் என்றால் நான் போர்ட்டோ பக்கம். லிஸ்பன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

லிஸ்பனில் பார்க்க வேண்டியவை சிதறிக் கிடக்கின்றன. அல்ஃபாமாவின் பழைய சந்துகள் ஒரு பக்கம், 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேர்நேரான தெருக்களாகக் கட்டிய பைஷா நடுவில், பெலெம் ஆற்றோரமாக வெகுதூரம் தள்ளி. பெலெமுக்கு 15ஆம் எண் டிராம் போகிறது. அங்குள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்தில்தான் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. 1524இல் கொச்சியில் இறந்தவரை முதலில் அங்கேயே புதைத்து, பிறகுதான் இங்கே கொண்டுவந்தார்கள். திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே 1837 முதல் முட்டை கஸ்டர்ட் டார்ட் விற்கும் கடை. வாசலில் நிற்கும் நீண்ட வரிசை பெரும்பாலும் பார்சலுக்கு. உள்ளே உட்கார்ந்து சாப்பிடப் பெரிய இடம் இருக்கிறது. மேலே பட்டைத்தூள் தூவி, சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.

புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமில் மார்த்திம் மொனிஸில் ஏறினால் நெரிசல்தான், பிக்பாக்கெட் தொல்லையும் உண்டு. மறுமுனையான காம்போ தெ ஓரிக்கில் ஏறினால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அரண்மனைகளுக்குப் பெயர்போன பக்கத்து ஊர் சின்ட்ராவுக்கு, லிஸ்பனின் ரோசியோ நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடம். ஆனால் அது ஒரு முழு நாளை விழுங்கிவிடும். அங்குள்ள பேனா அரண்மனை டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் அரண்மனை வாசலுக்கானது, பூங்கா கேட்டுக்கு அல்ல. நடுவில் அரை மணி நேர ஏற்றம் இருக்கிறது. இத்தனைக்கும் மூன்று நாள் எங்கே போதும்?

போர்ட்டோவில் இந்த அலைச்சல் இல்லை. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் அரை மணி நேரத்தில் நகர மையம். ரயில் பிடிக்க வேண்டியதில்லை என்றாலும், சாவ் பெந்தோ ரயில் நிலையத்துக்குச் சும்மாவாவது போங்கள். முன்கூடத்துச் சுவர்களில் சுமார் 20,000 ஓவிய டைல்ஸ். நீலமும் வெள்ளையுமாகப் போர்க்களங்களும் அரச ஊர்வலங்களும். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுபவர்களுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தபடி ஒரு கூட்டம் எப்போதும் நிற்கும். அங்கிருந்து நடந்தே ரிபெய்ரா ஆற்றங்கரை, 1886இல் திறந்த லூயிஸ் பாலம். பாலத்தின் மேல்தளத்தில் மெட்ரோ ஓடுகிறது, நடப்பவர்களும் அதே தளத்தில்தான், எனவே மணிச் சத்தத்தைக் கவனியுங்கள். அக்கரையில் வில்லா நோவா தெ காயா என்ற தனி நகரம். போர்ட்டோவின் பெயரைத் தாங்கிய இனிப்பு ஒயின்தான் போர்ட் வைன், ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் பழுக்கவைக்கும் கிடங்குகளெல்லாம் இந்தக் கரையில். புளிக்கும்போதே பிராந்தி கலந்து புளிப்பதை நிறுத்திவிடுவதால்தான் அதில் அவ்வளவு இனிப்பு.

சாப்பாட்டில் மட்டும் சைவக்காரர்களுக்கு லிஸ்பனே வசதி. போர்ட்டோவின் பெருமையான ஃபிரான்செசின்யா, ரொட்டிக்குள் பல வகை இறைச்சியை அடுக்கி, மேலே சீஸ் உருக்கி, பீர் கலந்த சாஸை ஊற்றித் தருவது. இரண்டு ஊரிலுமே கேட்காமல் மேசைக்கு வரும் ரொட்டியும் ஆலிவும் இலவசமல்ல. தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வானிலையில் லிஸ்பனுக்கே வெற்றி. குளிர்காலத்தில் போர்ட்டோவில் மழை அதிகம். இரு நகரங்களிலும் நடைபாதைக் கற்கள் நனைந்தால் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம்.

கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால், போர்ட்டோவிலிருந்து பின்யாவ் வரை டோரோ ஆற்றோரமாகப் போகும் ரயிலைப் பிடியுங்கள். போகும்போது வலப்பக்க ஜன்னல். இரண்டு நகரங்களும் வேண்டுமென்றால் லிஸ்பனில் இறங்கி, போர்ட்டோவிலிருந்து ஊர் திரும்பும்படி விமான டிக்கெட் போடுங்கள். நடுவில் அல்ஃபா பெந்துலார் ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். முன்கூட்டியே பதிவு செய்தால் கட்டணம் நன்றாகக் குறையும்.