மழைக்காலத் தேன்பெட்டிக்குச் சீனிப்பாகா, கருப்பட்டியா, தேனேதானா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டுப் பின்கட்டில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கவலை தரும் மாதங்கள். மழை விடாமல் பிடித்தால் தேனீ வெளியே போக முடியாது. அந்த நாட்களில் எதைக் கொடுப்பது என்பதில் ஆளுக்கொரு கட்சி. எதைத் தின்றால் தேனீ அதிக நாள் உயிரோடு இருக்கும் என்று பார்த்தே நான் தீர்ப்புச் சொல்கிறேன்.

தீனிக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு சாதாரணமானதல்ல. ராணியும் பணித்தேனீயும் ஒரே மாதிரி முட்டையிலிருந்துதான் வருகின்றன. பணித்தேனீப் புழுவுக்கு ஏறக்குறைய மூன்று நாளில், இளந்தேனீக்கள் சுரந்து ஊட்டும் கூழ் குறைந்து, தேனும் மகரந்தமும் வந்துவிடும். ராணிப் புழுவுக்குக் கடைசிவரை அந்தக் கூழ்தான், அதற்கு அரசக்கூழ் என்று பெயர். ராணி இரண்டு மூன்று வருஷம் வாழும். பூக்காலத்தில் ஓடி உழைக்கும் பணித்தேனீக்கு ஐந்தாறு வாரம்தான்.

முதலில் கருப்பட்டி. நமக்கு நல்லது, தேனீக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று பலர் அன்போடு கரைத்து வைக்கிறார்கள். இது வேண்டவே வேண்டாம். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் உள்ள தாது உப்புகளையும் காய்ச்சும்போது கருகிய பொருட்களையும் தேனீயால் செரிக்க முடியாது, அவை குடலில் கழிவாகத் தங்கும். நலமான தேனீ கூட்டுக்குள் கழிக்காது, பறந்து வெளியே போய்த்தான் கழிக்கும். அடைமழையில் அதற்கும் வழியில்லை. வயிற்றுப்போக்கு வந்து கூடு நாறும், தேனீக்கள் சீக்கிரம் சாகும்.

இந்த இடத்தில் வெள்ளைச் சீனியே மேல். ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு வெந்நீர், கரைந்தால் போதும். எலுமிச்சை பிழிந்து கொதிக்க வைக்கிறார்களே, அதை விட்டுவிடுங்கள். புளிப்போடு சூடேறும் சர்க்கரையில் தேனீக்கு நஞ்சாகும் பொருள் உண்டாகிறது. ஆறிய பாகைச் சிரட்டையில் ஊற்றி, மிதக்கக் குச்சி போட்டு, பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள் வையுங்கள். பகலில் வைத்தால் வேறு கூட்டுத் தேனீ கொள்ளையடிக்க வரும்.

ஆனால் சீனி பசியைத்தான் ஆற்றும். தேனில் மகரந்தத்திலிருந்து கலக்கும் ஒரு பொருள், தேனீயின் உடலில் நஞ்சை முறிக்கும் மரபணுக்களைத் தூண்டுவதாக 2013இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். சீனியில் அது கிடையாது. ஆகவே முதலிடம் அந்தக் கூட்டின் சொந்தத் தேனுக்கே. கடையில் வாங்கிய தேனையோ அடுத்த பெட்டித் தேனையோ ஊற்றாதீர்கள், அதோடு நோயும் வரலாம். 90களின் தொடக்கத்தில் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் எத்தனை இந்தியத் தேனீக் கூடுகளைக் காலி செய்தது என்பதைப் பழைய வளர்ப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனிப்பைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறோம், ஆயுளை அதிகம் தீர்மானிப்பதோ புரதம். இளந்தேனீ முதல் சில நாட்களில் மகரந்தம் தின்றால்தான் அதன் கூழ்ச் சுரப்பிகள் வளரும். விட்டலோஜெனின் என்ற புரதம் உடலில் சேரும், அதுதான் முதுமையைத் தள்ளிப்போடுகிறது. வெறும் பாகில் வளர்ந்த இளந்தேனீ பார்வைக்கு நன்றாக இருக்கும், புழுவுக்கு ஊட்ட அதனிடம் சத்து இருக்காது.

சோயா மாவு உருண்டை மகரந்தத்துக்கு ஈடா? அவசரத்துக்குச் சரி, கொழுப்பு நீக்கிய மாவாக இருந்தால். சோயாவில் உள்ள சில சர்க்கரைகள் தேனீக்கு ஒவ்வாது, நாள்கணக்கில் கொடுக்கக் கூடாது.

மகரந்தத்திலும் எல்லாம் ஒன்றல்ல. தைல மரக் காடு நிறையத் தேன் தரும், ஆனால் அதன் சில வகைகளின் மகரந்தத்தில் அவசியமான ஓர் அமினோ அமிலம் குறைவு. தென்னை, முருங்கை, வேம்பு, புளி, எள் என்று கலந்து கிடைக்கும் இடத்தில் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். சீமைக்கருவேலமும் நல்ல தேனீ மரம். அதை வெட்டுவதை நான் எதிர்க்கவில்லை, வெட்டிய இடத்தைப் பொட்டலாக விடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மழைக்கு முந்தைய அறுவடையில் பெட்டியின் மேலே உள்ள தேன் அறையை மட்டும் தொடுங்கள். கீழே புழுக்கள் வளரும் அடையின் ஓரத்தில் இருக்கும் தேனும் மகரந்தமும் அப்படியே இருக்கட்டும். அது தீர்ந்தால் மட்டும் சீனிப்பாகு.