குளுக்கோஸ் மாத்திரை: முகாமுக்குப் போகும் தொண்டர்களுக்கு

மிச்சிகனில் முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கான கோடை முகாமில் தொண்டு செய்கிறேன், தொழில் மருந்தாளுநர். பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால் உடனே கொடுக்க இடுப்புப் பையில் எதை வைத்துக்கொள்வது என்று புதிய தொண்டர்கள் கேட்டால், ஆரஞ்சுச் சுவையில் வரும் 'டெக்ஸ்4' குளுக்கோஸ் மாத்திரையைச் சொல்வேன். பத்து மாத்திரை கொண்ட குழாய், சட்டைப் பையிலும் அடங்கிவிடும்.

வீட்டில் பெற்றோரின் கவலையெல்லாம் சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான். முகாமில் அது இறங்குவதே பெரிய கவலை. பிள்ளைகள் நாளெல்லாம் நீந்துகிறார்கள், படகு வலிக்கிறார்கள். ஆட்டம் ஓய்ந்து பல மணி நேரமாகியும் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்சுலினை முன்கூட்டியே குறைத்தாலும் நள்ளிரவில் இறங்கிவிடுவது உண்டு. மருத்துவர் லெனார்ட் வெண்ட் 1925-இல் இதே மிச்சிகனில் முதல் நீரிழிவு முகாமைத் தொடங்கிய காலத்தில் இருந்தது சிறுநீர்ச் சோதனைதான். சர்க்கரை தாழ்ந்துபோனதை அது காட்டவே காட்டாது. பிள்ளையின் முகத்தையும் கைகளையும் கவனிப்பதுதான் வழி. இன்றும் அந்தக் கவனம் வேண்டும்.

சென்ற கோடையில் ஏரியிலிருந்து கரையேறிய பையன் ஒருவன், துண்டை மடிக்க வராமல் உதறுவதும் பிரிப்பதுமாக நின்றான். உதடு வெளுத்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் இரத்தச் சர்க்கரை 58 (மி.கி./டெ.லி.). 70-க்குக் கீழே போனாலே தாழ்வு. ஒரு மாத்திரையில் 4 கிராம் குளுக்கோஸ். நான்கை மென்றுவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். யாரும் சொல்லாமலே அவன் தோழன் பக்கத்தில் வந்து அமர்ந்து, தன் கருவியை எடுத்துத் தானும் குத்திக்கொண்டான். பள்ளியில் இவர்கள் ஒளிந்துகொண்டு செய்கிற காரியம் இது. பதினைந்து நிமிடத்தில் 91. அதன் பிறகு சீஸ் பிஸ்கட் கொடுத்தோம்.

சாக்லேட்டை நம்பாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வெயிலில் உருகியும் போகும். பழச்சாறு நல்லதுதான், ஆனால் பையில் சுமக்க முடியாது. இரவில் மட்டும் என் தேர்வு சாறுதான். தூக்கக் கலக்கத்தில், வறண்ட வாயோடு இருக்கும் குழந்தையால் சுண்ணக்கட்டி போன்ற மாத்திரையை மெல்ல முடியாது. நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் எதையுமே வைக்கக் கூடாது. இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் மருந்தான குளுக்ககானைக் கொடுத்து மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும்.

எந்த நிறுவனத்தின் மாத்திரையானாலும் பொடி உதிரும். அது விரல் நுனியில் ஒட்டியிருக்கும்போது குத்திப் பார்த்தால், இரத்தத்தில் இல்லாத சர்க்கரையைக் கருவி காட்டும். சரியாகிவிட்டது என்று பிள்ளையை மறுபடி தண்ணீருக்குள் அனுப்பிவிடுவோம். கையைக் கழுவித் துடைத்த பிறகே இரண்டாவது சோதனை. உடலில் ஒட்டிய சென்சாரோ சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும், ஆகவே அந்த நேரத்தில் விரல் சோதனையே மேல்.

மலிவு விலையில் வாங்கிய வேறொரு மாத்திரை ஏரிக்கரை ஈரத்தில் கூழாகி, எண்ணிக் கொடுக்க முடியாமல் போனது. எத்தனை கிராம் உள்ளே போனது என்று தெரிய வேண்டிய இடத்தில் அது உதவாது. ராஸ்பெர்ரிச் சுவையைப் பல பிள்ளைகள் துப்பிவிடுகிறார்கள். முகாமுக்கு அனுப்பும் பெற்றோர், குழந்தை எந்தச் சுவையை மறுக்காமல் மெல்லும் என்பதையும் மருத்துவப் படிவத்தில் எழுதிவிடுங்கள்.