சக்கரம் கழற்றிய பலகையா, ஸ்னோஸ்கேட்டா?

பழைய ஸ்கேட்போர்டின் சக்கரங்களையும் உலோக அச்சுகளையும் கழற்றிவிட்டு மேற்பலகையை மட்டும் பனியில் இறக்குவது, பனிமேல் நின்றபடி சறுக்கிச் செல்லச் செலவில்லாத வழி. பனிக்கென்றே செய்யப்பட்ட ஒற்றைப் பலகை ஸ்னோஸ்கேட் இரண்டாவது வழி. மேற்பலகைக்கு அடியில் எஃகு விளிம்புள்ள குட்டை ஸ்கீ (பனிச்சறுக்குக் கட்டை) ஒன்றைப் பொருத்திய இரட்டைப் பலகை மூன்றாவது. மூன்றிலும் காலைப் பூட்டும் பட்டை கிடையாது. 1965-இல் மிச்சிகனின் மஸ்கீகனில் ஷெர்மன் பாப்பன் இரண்டு ஸ்கீகளை இணைத்துத் தம் மகள்களுக்குச் செய்துகொடுத்த, ஸ்னோபோர்டுக்கு முன்னோடியான ஸ்னர்ஃபர் என்ற பலகையிலும் பட்டை இல்லை.

பழைய பலகையின் முதல் குறை அதன் பரப்பு. ஏறத்தாழ 80 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள அதில் 70 கிலோ எடையுள்ளவர் நின்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 44 கிராம் சுமை விழுகிறது. முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்திருப்பதால் உண்மையான சுமை இதைவிடக் கூடுதல். ஆகவே தூள்பனியில் அது புதைந்து நின்றுவிடும். மிதிபட்டு இறுகிய பனியில் ஓடும் என்றாலும், அச்சைப் பூட்டிய எட்டுத் துளைகளிலும் பனி அடைந்து இழுக்கும். மேலே ஒட்டிய உப்புத்தாளின் சொரசொரப்புக்குள் பனி இறுகிவிட்டால் காலணிக்குப் பிடிப்பே இருக்காது. ஈரம் ஏறிய மேப்பிள் அடுக்குகள் நாளடைவில் பிரியும் என்பதால், அடுத்த கோடையில் மீண்டும் சக்கரம் மாட்ட நினைக்கும் பலகையை இதற்குப் பலியிட வேண்டாம்.

ஒற்றைப் பலகை ஸ்னோஸ்கேட்டில் இக்குறைகள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. அடிப்புறத்தில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் பலகையை நேராகச் செலுத்துகின்றன; மேலுள்ள நுரை மெத்தையில் பனி அவ்வளவாக ஒட்டுவதில்லை. எடை குறைவு என்பதால் பலகையைக் காலாலேயே சுழற்றிப் பிடிக்கும் கிக்ஃபிளிப் போன்ற வித்தைகளுக்கு இதுவே ஏற்றது. ஆனால் சரிவு செங்குத்தாகி, பனியும் கட்டியாக உறைந்திருந்தால், பற்றிக்கொள்ள விளிம்பின்றிப் பலகை பக்கவாட்டில் வழுக்கும்.

அங்கேதான் இரட்டைப் பலகைக்கு வேலை. நிற்கும் தளம் உயரத்தில் இருப்பதால் உடலைச் சற்றுச் சாய்த்தாலே நெம்புகோல்போல அழுத்தம் எஃகு விளிம்புக்கு இறங்கி, அது பனிக்கட்டியைக் கீறிக்கொண்டு திரும்புகிறது. எடையும் விலையும் கூடுதல். சுழற்று வித்தைகள் இதில் கடினம். இதற்குப் பல சறுக்குமையங்களில் காலோடு இணைக்கும் வார் கட்டாயம்; அனுமதியே தராத மையங்களும் உண்டு (தனியே சறுக்கியோடும் பலகை கீழே நிற்பவர்களின் முழங்காலைப் பதம் பார்க்கும் என்பதால் அந்தக் கெடுபிடியில் நியாயம் இருக்கிறது).

உறைந்த ஏரியின் வழவழப்பான பரப்பில் உந்தித்தள்ளும் காலுக்கே பிடிமானம் கிடைக்காது. அங்கு மூன்றுமே வீண். வீட்டுப் பின்புறச் சரிவும் படிக்கட்டும் போதும் என்பவர் ஒற்றைப் பலகையை வாங்கலாம். லிஃப்டில் ஏறி மலைச்சரிவில் இறங்க நினைப்பவருக்கு இரட்டைப் பலகையைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.